சித்தம்பூண்டியில் பொறுக்கிய நிலாவும் சீட்டு எண் 14-உம்

நேற்று ராத்திரி வீடு வந்து சேர்ந்தபோது பையில் ஆறரைக் கிலோ கல் இருந்தது. கதவைத் திறந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "நாமக்கல் வரைக்கும் போயிட்டு கல்லா தூக்கிட்டு வந்திருக்க? முட்டைகூட வாங்கலையா?" முட்டை வாங்கவில்லை. முட்டை அட்டை வாங்கினேன், பத்து. அதைச் சொன்னதும் அம்மா உள்ளே போய்விட்டார்.

கல் பொறுக்கச் சித்தம்பூண்டிக்கு எப்படிப் போவது, எவ்வளவு செலவு, எதை முதலில் பார்ப்பது என்று வரிசையாக எழுதித் தருவதாக எங்கள் கல் சேகரிப்பவர்கள் குழுவில் சொல்லியிருந்தேன். செலவிலிருந்தே ஆரம்பிக்கிறேன், வயிற்றெரிச்சல் அங்கேதான் இருக்கிறது.

சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஆம்னி பஸ் 1,350 ரூபாய். வெள்ளிக்கிழமை ராத்திரி என்பதால் அந்த விலையாம். அதே சீட் செவ்வாய்க்கிழமை 700. சரி, ஏசியாவது இருக்கும் என்று ஏறினால், என் தலைக்கு மேலிருந்த ஏசி ஓட்டை வழியாக விழுப்புரம் தாண்டியதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. கிளீனர் தம்பியிடம் சொன்னேன். பழைய பேப்பரைச் சுருட்டி ஓட்டையில் அடைத்துவிட்டு, "இப்ப பாருங்க சார்" என்றான். பார்த்தேன். பேப்பர் ஊறி மடியில் விழுந்தது. கல் சுற்றுவதற்காக நான் கொண்டுபோன பேப்பர் அது.

எங்கள் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். சென்னையில் இருபது பேர் இருக்கிறோம். மருந்துக்கடை நடத்தும் அக்கா, வங்கிக்காரர்கள் இரண்டு பேர், பிளஸ் டூ படிக்கும் பையன், எல்லோருக்கும் தலைவராக ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவர். அவரைச் சார் என்போம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து, முட்டை அட்டையில் கற்களை அடுக்கி வைத்து உட்காருவோம். ஒரு அட்டையில் முப்பது குழி. இதைவிட மலிவான காட்சிப்பெட்டி உலகத்தில் கிடையாது. போன மாதம் ஒருவர் புனே பக்கத்து வாகோலி குவாரியிலிருந்து வந்த கேவன்சைட் என்ற கனிமத்தைக் கொண்டுவந்தார். சுண்டைக்காய் அளவில் ஒரு நீல உருண்டை, அப்படி ஒரு நீலம். அதற்கு ஈடாக என் கையிலிருந்த மூன்று கல்லைக் கேட்டார். கொடுத்தேன். இன்றுவரை வருத்தமில்லை.

அதே கூட்டத்தில் புதிதாக வந்த ஒருவர், இணையத்தில் 1,800 ரூபாய்க்கு வாங்கிய ஊதா நிற அகேட் என்ற அலங்காரக் கல் துண்டைப் பெருமையாக எடுத்து வைத்தார். 'மன அமைதி தரும் கல்' என்று விற்றிருக்கிறார்கள். மருந்துக்கடை அக்கா ஒன்றும் பேசாமல் பஞ்சில் நகப்பூச்சு நீக்கியை நனைத்து ஒரு தேய் தேய்த்தார். பஞ்சு ஊதாவாகிவிட்டது, வாங்கியவருக்கு இருந்த அமைதியும் போய்விட்டது. சுற்றுலா ஊர்க் கடைகளில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் பச்சை, நீல, ரோஸ் அகேட்டுகளில் பெரும்பாலானவை இந்தச் சாயக் கும்பல்தான். வாங்காதீர்கள்.

சாரின் சட்டம் ஒன்றே ஒன்று: சீட்டு இல்லாத கல், கல்லே இல்லை. எந்த ஊர், எந்த இடம், எந்தத் தேதி, யார் எடுத்தது என்று கல் கையில் இருக்கும்போதே எழுதி, எண் போட்டு, கல்லோடு சேர்த்துச் சுற்ற வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் எழுதவே மாட்டோம் என்பார். இன்னொரு கிளைச் சட்டமும் உண்டு: பாறையில் சுத்தியல் வைக்கக் கூடாது, உதிர்ந்து கிடப்பதை மட்டும் நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள், காரைப் பக்கத்துப் புதைபடிவ நிலம் எல்லாம் தேசிய நிலவியல் சின்னங்கள், அங்கே கண்ணால் பார்ப்பதோடு சரி. பரங்கிமலையும் அப்படித்தான். காசில்லாத மாதங்களில் மின்சார ரயிலேறி அங்கேதான் போவோம். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல் இந்தப் பக்கத்துப் பாறை வகை என்பதால்தான் அதற்குச் சார்னோகைட் என்று ஹாலண்ட் என்ற நிலவியலாளர் பேர் வைத்தார் என்று ஒவ்வொரு முறையும் சார் சொல்வார், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வோம்.

இந்த முறை சித்தம்பூண்டி. நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூர் பக்கம். நாமக்கல்லில் இறங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான், விட்டுவிடலாம். பத்துப் பேருக்கு ஒரு வேன் பேசினோம், நாள் வாடகை 5,500. டிரைவர் அண்ணனுக்கு நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பை நம்பியிருக்கக் கூடாது.

ஊர் சாதாரணமான ஊர்தான். தென்னை, சோளக்காடு, எருமை. ஆனால் வரப்போரம் கிடக்கும் கல்லைக் குனிந்து பார்த்தால் தலை சுற்றும். வெள்ளையும் சாம்பலும் கலந்த பாறை, அதில் எள்ளுருண்டையை உடைத்துத் தூவியதுபோல் கருப்புக் கருப்பாக ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம். இந்தப் பாறைக்குப் பேர் அனார்த்தசைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பாறை. நிலாவில் நம் கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிகிற மேட்டு நிலம் பெரும்பாலும் இந்த வகைப் பாறைதான், கருப்பாகத் தெரிவது எரிமலைக் குழம்பு உறைந்த இடம். 1971-இல் அப்பல்லோ 15 கொண்டுவந்த கற்களில் பேர்பெற்ற கல்லும் அனார்த்தசைட்தான். சந்திரயான்-2-க்காக லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலா மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. வெளிநாட்டில் வாங்கினால் கட்டுப்படியாகாது. சித்தம்பூண்டியிலிருந்தும் பக்கத்துக் குன்னமலையிலிருந்தும் பாறையை எடுத்துப்போய் அரைத்து, பெங்களூரில் பரப்பி வைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 இறங்கியபோது ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததே, அதற்குப் பின்னால் இந்தச் சோளக்காடும் இருக்கிறது.

நாங்கள் இறங்கிய தோட்டத்தில் ஒரு பாட்டி துணி துவைத்துக்கொண்டிருந்தார். துவைக்கிற கல் சாட்சாத் அனார்த்தசைட். சார் அதைப் பார்த்துவிட்டு நகரவே மாட்டேனென்கிறார். ஐம்பது வருஷம் துணி அடித்து வழவழப்பான பரப்பில் கருப்புப் புள்ளிகள் பாலிஷ் போட்டதுபோல் மின்னின. லென்ஸை எடுத்துக்கொண்டு மண்டியிட்டுவிட்டார். பாட்டிக்கு முதலில் சந்தேகம்.

"ஏஞ்சாமி, மாணிக்கம் தோண்ட வந்தவீங்களா?"

"இல்லீங்க பாட்டி. சும்மா கல் பார்க்க வந்தோம். கீழே கிடக்கிறதுல ரெண்டு எடுத்துக்கலாமா?"

"கல்லு பாக்கறதுக்கு மெட்ராஸ்ல இருந்தா? அங்க கல்லுக்கா பஞ்சம்?"

நிலா மண் கதையைச் சொன்னேன். துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அப்ப எங்கூர்க் கல்லு நெலாவுக்குப் போயிருச்சுங்கறீங்க."

"நிலாவுக்கு இல்லீங்க. பெங்களூருக்குத்தான் போச்சு."

"பெங்களூருக்குப் போறதுக்கா இத்தன அலப்பற?"

அதற்குப் பிறகு எல்லோருக்கும் மோர் வந்தது. பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோர். ஆம்னி பஸ்ஸையே மன்னித்துவிடலாம் என்று தோன்ற வைத்த மோர். எடுத்துக்கொள்ளவும் சொல்லிவிட்டார்: "கீழ கெடக்கறத எவ்வளவு வேணா பொறுக்குங்க, உழவு ஓட்டறவனுக்குப் புண்ணியமாப் போகும்." தன் அப்பா காலத்தில் இந்தக் காட்டில் செந்நிறக் கல்லைக் கூடைக் கணக்கில் பொறுக்கிச் சாணை பிடிப்பவர்களுக்குக் கொடுத்தார்களாம்.

அந்தச் செந்நிறக் கல்லைத் தேடித்தான் வந்திருந்தோம். அதுதான் குருந்தம். ஆங்கிலேயர் சொல்லும் கொரண்டம் என்ற பேரே நம் குருந்தத்திலிருந்து போனது. 1798-இல் லண்டனில் கிரெவில் என்பவர் ஆசியாவின் கொரண்டம் கல்லைப் பற்றிக் கட்டுரை எழுதினார், அடுத்த சில வருஷத்தில் பூர்னோன் என்ற பிரெஞ்சுப் பிரபு, அந்தக் காலத்தில் கர்நாட்டிக் என்று சொன்ன நம் பக்கத்துக் குருந்தம் பதிந்திருந்த வெள்ளைக் கல்லுக்கு இந்தியனைட் என்றே பேர் வைத்தார். உச்சி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சார் இதைச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிளஸ் டூ பையனுக்குப் பசித்தது.

இரண்டு மணி நேரம் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), சுக்கான்கல், மறுபடி வெங்கச்சங்கல். ஒரு இடத்தில் காக்காப்பொன் மினுமினுத்து ஏமாற்றியது. பிறகு வரப்பு மண் சரிந்திருந்த இடத்தில், வெள்ளைக் கல்லுக்குள் பாதி புதைந்து, சுண்டுவிரல் நுனி அளவில் ஒன்று. மங்கிய ரோஜா நிறம். எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தால் ஆறு பக்கமும் தெரிகிற பீப்பாய் வடிவம். நடுவில் தட்டையாக ஒரு வெட்டு. கை நடுங்கியது. கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் குருந்தம் 9, வெங்கச்சங்கல் 7. கீழே கிடந்த வெங்கச்சங்கல்லை எடுத்து இதன் முனையால் கீறினேன். கிறீச்சென்று ஆழமாக ஒரு கோடு விழுந்தது. விரலால் தேய்த்தேன், அழியவில்லை. அழிந்தால் தூள், அழியாவிட்டால் கீறல். கத்தியே விட்டேன். நகைக்கு ஆகாத கல்தான். உள்ளே ஒளி போகாது, விரிசல் வேறு. மாணிக்கம் இதே கனிமத்தின் பணக்காரத் தம்பி, இது காட்டிலேயே தங்கிவிட்ட அண்ணன். சீட்டு எழுதினேன்: எண் 14, சித்தம்பூண்டி, பாட்டி தோட்டம், கிழக்கு வரப்பு.

எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். ஊறிப்போன பேப்பரெல்லாம் ஆம்னி பஸ்ஸோடு போய்விட்டதால் சுற்றுவதற்குப் பேப்பர் இல்லை. கல்லைக் கர்ச்சீப்பில் முடிந்து பையின் வெளி அறையில் போட்டேன். சட்டம் மீறியது அந்த இடத்தில்தான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாடு பரமத்தி வேலூரில் ஒரு சின்ன மெஸ். நாலு மேசை. பள்ளிபாளையம் சிக்கன் சொன்னோம். சென்னையில் இந்தப் பேரில் மசாலாப்பொடி கொட்டிச் சிவப்பாக ஒன்று தருகிறார்கள். இங்கே வந்தது வேறு சாதி: விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கோழி, அவ்வளவுதான். தேங்காய்ச் சில்லு கோழிச்சாற்றில் ஊறி ஓரம் லேசாக முறுகியிருந்தது. கோழியை விட்டுவிட்டு அதைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தேன், காலையிலிருந்து பொறுக்கிப் பழகிய கை. ஒரு பிளேட் 130 ரூபாய். மூன்று வாங்கினோம், பிறகு இன்னும் இரண்டு. சைவக்காரரான சார் ரசத்தை மூன்று முறை வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் நாமக்கல்லில் இறக்கிவிடும்போது டிரைவர் அண்ணனின் சிரிப்பு மாறியது. 5,500-ஐ நீட்டினால் 7,000 கேட்கிறார். மண் ரோட்டுக்கு 600. மீதி 900 எதற்கு?

"லோடுங்க. ஆளுக்குத்தான் வாடகை பேசினது. கல்லுக்குப் பேசலைங்களே."

பத்துப் பேரின் கல்லையும் சேர்த்தால் ஐம்பது கிலோ தேறாது. ஒரு ஆள் எடைகூட இல்லை. அதைச் சொன்னால், "அந்த ஆளுக்கும் வாடகை உண்டுங்களே" என்கிறார். முக்கால் மணி நேரம் நடுரோட்டில் பேசி 6,200-க்கு முடித்தோம். தலைக்கு 620. அந்த ஊர்ப் பக்கம் போகிறவர்கள், கல்லுக்கும் சேர்த்து முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ராத்திரி லாட்ஜில் விளக்கை அணைத்துவிட்டு 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தோம். இதுதான் எங்கள் கூட்டத்தின் சினிமா. அக்கா எடுத்திருந்த குருந்தம் ஊதாமல் விட்ட அடுப்புக்கரி போல் உள்ளிருந்து சிவந்தது. கல்லுக்குள் இருக்கும் குரோமியம் செய்கிற வேலை. வங்கிக்காரர் எடுத்ததோ செத்துக் கிடந்தது, இரும்பு அதிகமிருந்தால் ஒளியை அமுக்கிவிடுமாம். என் முறை வந்தது. பையின் வெளி அறையில் கைவிட்டேன். கர்ச்சீப் இருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. கல் இல்லை.

மறுநாள் சேலம் போனதைப் பற்றி எழுத மனசே இல்லை. மேக்னசைட் கிடைக்கும் சுண்ணாம்புக் கரட்டை வெள்ளை வெள்ளையாகத் தூரத்திலிருந்து பார்த்தோம், தட்டுவடை செட் சாப்பிட்டோம், 430 ரூபாய்க்கு அரசு பஸ் பிடித்தோம். அதில் தண்ணீர் சொட்டவில்லை. லாட்ஜ் பங்கு 500, சாப்பாடு 600, நாமக்கல்–சேலம் பஸ் 60, எல்லாம் சேர்த்து மொத்தம் 3,560. என் கணக்கு நோட்டில் இந்த மாதம் இனி டீக்கு மட்டும் இடமிருக்கிறது.

இன்று காலையில் அம்மா கொடுத்த இடத்தில், அதாவது பால்கனியில், முட்டை அட்டைகளில் கல்லை அடுக்கினேன். பதின்மூன்றாம் குழியில் கல்லும் சீட்டும். பதினான்கில் சீட்டு மட்டும். 'கல்லில்லாத சீட்டுக்குச் சட்டம் உண்டா சார்?' என்று குழுவில் கேட்டேன். அவர் இன்னும் பதில் போடவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு போன். வேன் டிரைவர் அண்ணன்.

"சார், சீட்டுக்கு அடியில ஒரு கல்லு கெடந்துச்சுங்க. ரோஸ் கலர். உங்களுதுங்களா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "ஆமாண்ணே! என்னுதுதான். கூரியர்ல போட்டுடுங்க, செலவை அனுப்பிடறேன்."

"போடலாமுங்க. நம்ம மச்சான் ஒருத்தரு பட்டறை வச்சிருக்காரு, அவருகிட்டக் காமிச்சேன். மாணிக்க சாதிங்கறாரு. நீங்களே ஒரு ரேட்டுச் சொல்லுங்க. ரெண்டாயிரம்?"

நகைக்கு ஆகாது, ஒளி போகாது, விரிசல், சாணைக்கல் என்று அரை மணி நேரம் கனிமவியல் நடத்தினேன். 1,200-க்கு இறங்கியிருக்கிறார். நான் 200-இல் நிற்கிறேன். சாயங்காலம் மறுபடி கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார்.