சின்னாற்றங்கரை நீர்மருதுகள்

உடுமலையிலிருந்து மூணாறு போகும் வழியில் சின்னாறு வரும்வரை வேலமும் கள்ளியுமாக ஒரே முட்காடு, மழை மறைவுப் பகுதி என்பதால் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் ஆற்றோரம் இறங்கினால் சட்டென்று குளிர்ச்சி. இரு கரையிலும் நீர்மருது, புங்கன், வெள்ளை வெளேரென்ற அடிமரங்கள். போன வாரம் அங்கே நின்றபோது புளியங்காய் ஓட்டுத் துண்டுகள் பொலபொலவென்று தலையில் விழுந்தன, அண்ணாந்து பார்த்தால் சாம்பல் நிற மலையணில்! உடம்பளவுக்கு நீண்ட வால், இளஞ்சிவப்பு மூக்கு. இது தரைக்கு வருவதே அபூர்வம், கிளைக்குக் கிளை தாவித்தான் போகும், அதனால் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதற்குப் பாதையே இல்லை. இந்த அணிலுக்காகவே 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். அங்கேயும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.