கேணித் தண்ணீரும் கடல் உப்பும்

கடலடித் தொல்லியல் படித்தவன் என்றால் "என்ன எடுத்தீங்க, தங்கமா?" என்றுதான் கேட்பார்கள். மாணவனாகக் களப்பணிக்குப் போன அந்த வருஷம் நான் கடலுக்குள் இருந்த நேரம் கொஞ்சம். தேவகோட்டைப் பக்கம் ஒரு பழைய செட்டியார் வீட்டின் இரண்டாங்கட்டில், பிளாஸ்டிக் டப்பின் முன்னால் குத்தவைத்திருந்த நேரம்தான் அதிகம்.

களம் தொண்டிப் பக்கம். பாக் விரிகுடா ஆழமில்லாதது. வாடைக் காலத்தில் அடிச்சேறு கிளம்பினால் சொந்தக் கையே தெரியாது. படகுக்காரர் பேச்சைக் கேட்டுப் பங்குனி வரை காத்திருந்தோம். அப்படியும் முதல் நாள், ஐந்து மீட்டர் ஆழத்தில், அளவு நாடாவை முகமூடியில் ஒட்டிவைத்துத்தான் எண்ணைப் படிக்க முடிந்தது. பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டு மேலே வந்தேன். 6 எது, 0 எது என்று எனக்கே விளங்கவில்லை. மறுநாள் அதே கோட்டை மறுபடி அளந்தோம்.

வலையில் ஜாடிச் சில்லுகள் சிக்கினால் மீனவர்கள் திரும்பக் கடலிலேயே எறிந்துவிடுவார்கள். எறியாமல் வைத்திருக்கச் சொல்லி ஆசிரியர் கேட்டிருந்தார். பழுப்புப் பளபளப்புப் பூசிய கனத்த சில்லுகள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இதே சாயலில் முழு ஜாடிகள் நிற்கும்.

கடலில் கிடந்த மண்பாண்டத்தைக் காயவிடக் கூடாது. நுண்துளைகளில் ஊறிய உப்பு, காயும்போது படிகமாகிப் பூச்சை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். பாடத்தில் படித்திருந்தேன். படித்தும் ஒரு சில்லை, படம் எடுக்க வசதி என்று, திண்ணையில் வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். சாயங்காலம் அதன்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. நான்கைந்து நாளில் ஓரத்துப் பூச்சு நகத்தளவுக்குச் செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தச் செதில்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு எண் எழுதியபோது கை கூசியது.

மற்றவற்றை முறைப்படி ஊறப்போட்டோம். முதலில் பாதி கடல்நீர், பாதி நல்ல நீர். பிறகு கடல்நீரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தொண்டியிலிருந்து கேன்களில் கடல்நீரைப் பேருந்தில் ஏற்றினால், மீன் தண்ணீரா என்று நடத்துநர் மூக்கைப் பிடிப்பார். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, ஊறிய நீரில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விடுவோம். உப்பிருந்தால் பால்போல் வெளுக்கும். உப்பு இறங்க இறங்க வெளுப்பும் குறையும்.

கொஞ்ச நாள் குறைந்தது. அப்புறம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. மூன்று வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றியும் அதே வெளுப்பு. சில்லுக்குள் இத்தனை உப்பா என்று குறிப்பேட்டில் பெரிய விளக்கமெல்லாம் எழுதி வைத்தேன். இன்று படித்தால் சிரிப்பு வரும்.

வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி தினமும் அந்தப் பக்கம் வந்து நின்று பார்ப்பார். "எங்க ஆளுகளே காவிரிப்பூம்பட்டினத்துல இருந்து வந்தவுகதான், கடல்ல கெடக்கிறது எங்க சாமானா இருந்தாலும் இருக்கும்" என்பார் பாதி விளையாட்டாக. ஒரு நாள் கேட்டார்:

"தம்பி, எந்தத் தண்ணி ஊத்துறிய?"

"பின்கட்டுக் கேணித் தண்ணிதான் ஆச்சி."

"அது உவர்ப்புல்ல? அதுல பருப்பே வேகாது. உப்புத் தண்ணிய ஊத்தி உப்ப எடுக்கப் போறியளா?"

வெறும் கேணித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து ஒரு சொட்டு விட்டேன். வெளுத்தது.

ஊறவைக்கும் நீரை முதலில் சோதிக்க வேண்டும் என்பது அரிச்சுவடி. களப்பணிக்கு வந்த எங்கள் நால்வரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஆச்சியோ, தன் ஊறுகாய் ஜாடி கீறல் விட்டு உப்புப் பூத்தால், வெயிலில் காட்டாமல் ஊருணித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தினம் தண்ணீர் மாற்றுவாராம். அதைச் சொல்லிவிட்டு, "ஊருணியில இப்ப தண்ணி அடிமட்டத்துல கெடக்கு, குடிக்கவே குடம் எண்ணித்தான் மொள்ளுறாக" என்றார். டப்புக்கு ஆறு குடம். கேட்க வாய் வரவில்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு கோடை மழை. வளவின் ஓட்டு இறக்கத்திலிருந்து தண்ணீர் கொட்ட, ஆச்சி பித்தளை அண்டாக்களை வரிசையாக நகர்த்தி வைத்தார். முதலில் விழுந்த அழுக்குத் தண்ணீரை ஓடவிட்டு, அடுத்தது நிறைந்ததும் என்னைப் பார்த்து, "அந்தக் கடைசி அண்டா உங்க ஓட்டாஞ்சில்லுக்கு. மத்தத தொடப்படாது" என்றார்.

நான் முதலில் சோதனைக் குழாயைத் தேடி ஓடினேன்.