ஊருணிக் கரையில் ஒரு கோடை

செட்டிநாட்டுப் பக்கம் இயற்கைக் காட்சி வரைகிறவனுக்கு வேலை குவிகிற காலம் சித்திரையும் வைகாசியும்தான். பள்ளிக்கூட விடுமுறை. சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் ஊருக்கு வந்து சேர்வார்கள். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்து, வளவு என்கிற நடு முற்றத்தைக் கழுவி விட்டு, கல்யாணமோ அறுபதுக்குச் சாந்தியோ நடத்துவார்கள். படம் வாங்குகிறவர்கள் அப்போதுதான் ஊரில் இருப்பார்கள். அதனால் கண்காட்சியும் அப்போதுதான். வெளியே உட்கார்ந்து வரைவதற்கோ அதைவிடக் கடுமையான பருவம் இல்லை.

இந்த வருடம் காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் ஒரு கண்காட்சி, அது முடிந்த கையோடு சென்னையில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஆர்டர்கள் வேறு.

ஆர்டர்களில் பெரும்பாலானவை வீட்டுப் படங்கள். அதிலும் இடித்துப் பிரிக்கப் போகிற வீட்டைப் படமாக்கித் தரச் சொல்லி வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர் இருப்பார்கள். ஓடு மாற்றுவதற்கே பெரும் தொகை ஆகும். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு யார் பார்ப்பது என்று இழுத்து இழுத்து, கடைசியில் பிரித்துவிடலாம் என்று முடிவாகும். பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குப் போகும். "தூணை இறக்குறதுக்கு முன்னாடி வந்து வரஞ்சு குடுத்துருங்கண்ணே" என்று போன் வந்தால் நான் தள்ளிப் போடுவதில்லை. கையில் என்ன வேலை இருந்தாலும் மறுநாள் விடியற்காலையில் அந்தத் தெருவில் இருப்பேன்.

அந்த வீட்டுச் சுவரை வெள்ளை என்று நம்பி வரைந்தால் படத்தில் உயிர் இருக்காது. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த பூச்சு. காலை எட்டு மணிக்கு எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் சுவரின் அடிப்பக்கம் லேசாகச் சிவந்திருக்கும். தெருச் செம்மண்ணில் விழுந்த வெயில் திரும்பிச் சுவரில் ஏறுகிறது. மேலே போகப் போகச் சிவப்பு வடிந்து, கூரை இறக்கத்துக்குக் கீழே விழும் நிழலில் வானத்து நீலம் சேர்ந்திருக்கும். அந்த நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பைக் கலக்கிறேன். கறுப்பு டியூபைத் தொடுவதே கிடையாது. செம்மண்ணுக்கும் பர்ன்ட் சியன்னாவுக்கும் நிறம் கொடுப்பது ஒரே இரும்பு ஆக்சைடுதான். காலடியில் கிடக்கிற மண்ணின் நிறம் டியூபிலிருந்து வந்து தட்டில் விழுவதைப் பார்க்கையில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனாலும் வீட்டை மட்டும் வரைந்தால் செட்டிநாட்டில் பாதிதான் படத்துக்குள் வரும். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. இந்த வீடுகளே மழையைப் பிடிப்பதற்காகக் கட்டியவை. நாலு பக்கக் கூரையும் வளவை நோக்கிச் சரிந்து இறங்கும். முற்றத்தில் விழுகிற தண்ணீரை வீட்டுக்குப் பிடித்தது போக, மிச்சம் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும். குடிக்கிற ஊருணி வேறு, குளிக்கிற ஊருணி வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்புகிற தண்ணீரை வைத்துத்தான் அடுத்த கோடை வரை ஊர் பிழைத்தது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தபோதுகூடத் தனித்தனி வீடுகளாகச் சேரவில்லை, ஊர்த் தொகுதிகளாகத்தான் சேர்ந்தது. அப்படியிருக்க முகப்பையும் தூணையும் மட்டும் வரைந்து சுவரில் மாட்டி இதுதான் செட்டிநாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்தக் கோடையில் கண்காட்சிப் படங்களில் பெரும்பகுதியை ஊருணிக்கும் கண்மாய்க் கரைக்கும் ஒதுக்கினேன்.

ஊருணியை வரையக் கோடைதான் சரியான காலம். தண்ணீர் இறங்க இறங்கச் செம்புறாங்கல் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒவ்வொரு வருடமும் தண்ணீர் எதுவரை நின்றது என்பது கல்லில் கறுப்பும் சாம்பலுமாகக் கோடு போட்டிருக்கும். அடிப்படியில் காய்ந்த பாசி பச்சை போய் வெளிர் மஞ்சளாக உரிந்து நிற்கும். நிரம்பிக் கிடக்கும்போது அதில் ஒன்றும் தெரியாது; தண்ணீரில் வானம்தான் தெரியும்.

நான் வழக்கமாக உட்காருகிற படித்துறைக்கு எதிர் வீட்டு ஆச்சி ஒருநாள் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றார்கள்.

"ஏன் தம்பி, வீடெல்லாம் எம்புட்டு அழகா நிக்குது. அத விட்டுப்புட்டு வத்துன ஊருணிய வரையிறீகளே?"

"வத்துனாத்தானே ஆச்சி படியெல்லாம் தெரியுது."

ஆச்சி கொஞ்ச நேரம் படத்தையும் படித்துறையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "எங்க ஐயா இருக்கையில இதுல கால நனைக்க விடமாட்டாக. அந்தா, அந்தக் கல்லுல காவக்காரரு கம்போட உக்காந்திருப்பாரு. கொடத்தோட அடியக் கழுவிப்புட்டுத்தான் எறங்கணும்."

அந்தக் கல் இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதுவரை ஓரத்தில் ஒரு கறையாக விட்டிருந்தேன். அன்றைக்கே புதுத் தாள் எடுத்து, கல்லை முன்னால் கொண்டு வந்து, படிகள் அதற்குப் பின்னால் இறங்குகிற மாதிரி முதலிலிருந்து வரைந்தேன். இந்தக் கோடையில் நான் செய்த வேலைகளில் எனக்கு அதுதான் பிடித்தது.

கத்திரி வெயிலில் வாட்டர் கலர் போடுவது நேரத்தோடு நடத்துகிற மல்லுக்கட்டு. விடிந்து எட்டு, எட்டரை வரைதான் வெளியே வேலை. அதற்கு மேல், வாஷ் என்கிற நீர்த்த நிறப் பூச்சு பரவுவதற்குள் காய்ந்து விளிம்பில் கோடு விழுந்துவிடும். வானத்துக்கு ஒரே ஓட்டமாக நிறம் இழுக்க வேண்டும் என்றால் தாளை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து, ஈரத்துணி விரித்த அக்ரிலிக் பலகையில் ஒட்ட வைப்பேன். கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் மூச்சு விட முடியும். கலக்குகிற தண்ணீரில் சில சொட்டு கிளிசரின். தாளின் கனம் 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 300 கிராம்) குறைந்தால் இந்தப் பாடெல்லாம் தாங்காது. எண்ணெய் வண்ணத்துக்கு வெயில் எவ்வளவு அடித்தாலும் அவசரம் கிடையாது. அது காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சி இறுகுவது, தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காய நாளாகும், அதனால் கண்காட்சிக்கான எண்ணெய்ப் படங்களை மாசியிலேயே முடித்து வைத்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு மேல் பட்டறைதான். ஒரு பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஓவியப் பாடநூல்கள் எல்லாம் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தைத்தான் சொல்லும். நேர் வெயில் விழாமல் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்று. அவை ஐரோப்பாவில் எழுதப்பட்டவை. காரைக்குடி பத்து டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்துவிட்டு, அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளையில் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். அந்த நாலு மாதமும் வடக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் வெயில் நேராகப் படத்தின் மேல் விழும். இங்கே படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் இதை முதல் பாடமாகச் சொல்கிறேன். கோடைக்குத் தெற்கு ஜன்னல், அதைவிட நல்லது முற்றத்துச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம். வீட்டைக் கட்டிய கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் அந்த வெளிச்சத்தைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பிரேம் வேலையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். காரைக்குடியின் காய்ந்த காற்றில் விறைப்பாக நிற்கிற தாள், சென்னைக் கடற்காற்றுப் பட்டதும் அலை அலையாக எழும்பும். கண்ணாடியைத் தொட்டுவிட்டால் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் போர்டு அட்டையைத் தடிமனாக வைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி கட்டாயம் விட வேண்டும். பிரேம் கடைக்காரர் செலவு கூடும் என்பார். கூடட்டும்.

காரைக்குடிக் கண்காட்சியில் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. அந்தப் பூச்சில் ஆணி இறங்கினால் விரிசல் ஓடும். அதை அதே மாதிரிப் பூசிக் கொடுக்க இன்றைக்கு ஆள் கிடைப்பது லேசில்லை. உத்தரத்திலிருந்து கயிறு தொங்கவிட்டுச் சில படங்கள், மீதியைத் திண்ணையில் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தோம். வந்தவர்கள் முதலில் வீட்டுப் படங்களிடம் போனார்கள். "இது இன்னாரு வீடுல்ல?" என்று அடையாளம் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. திரும்பி வரும்போதுதான் ஊருணிப் படங்கள் முன் நின்றார்கள். அங்கே பேச்சு நீண்டது. எந்த ஊருணியில் நீச்சல் பழகினார்கள், எதில் தாமரை பூத்தது, எது இப்போது குப்பை மேடாகிவிட்டது என்று ஆளுக்கொரு கதை. வீட்டுப் படத்தின் முன்னால் யாருடைய வீடு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, ஊருணி எல்லோருடையதும்.

சென்னையில் வேறு மாதிரி. கூடத்து மஞ்சள் விளக்கில் செம்மண் எகிறி, நிழலின் நீலம் அடங்கிவிட்டது. கேட்டதும் வெள்ளை விளக்கு மாற்றிக் கொடுத்தார்கள். விற்பனையில் முப்பது முதல் நாற்பது விழுக்காடு வரை காலரிக்குப் போவது வழக்கம், அதில் எனக்கு வருத்தமில்லை. வீட்டுப் படங்களுக்கு முதல் நாளே, விற்றாயிற்று என்பதற்கு அடையாளமான சிவப்புப் பொட்டு ஒட்டினார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் வயதான ஒருவர் மகளோடு வந்தார். தேவகோட்டைப் பக்கத்து ஊர்க்காரர். காவல்காரர் கல் இருக்கிற படத்தின் முன்னால் நின்று, "இது கெழக்குப் படித்துறைதானே?" என்றார். அவர் ஊருணி அது இல்லை. நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "எங்க ஊர்லயும் இதே மாதிரிக் கல்லு கெடந்துச்சுங்க. இப்ப அங்க பஸ் ஸ்டாப்பு" என்றார். வாங்கிக்கொண்டார். அதோடு விடாமல், மழைக்குத் தண்ணீர் வந்ததும் அதே இடத்தில் உட்கார்ந்து அதே அளவில் இன்னொன்று வரைந்து தரவேண்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவேன் என்றார்.

கார்த்திகைக்குள் ஊருணி தண்ணீர் பிடித்துவிடும் என்று ஆச்சி சொல்கிறார்கள். அந்த அளவுத் தாள் காரைக்குடியில் கிடைக்காது. சென்னைக் கடையில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.