ஸ்ரைன்ஹவுசன் கோவிலில் சித்திர மாஸ்ரர்

எட்டாம் வகுப்பில் எங்களுக்குச் சித்திரம் படிப்பித்த மாஸ்ரர், முதல் தவணை முழுக்க ஒரே வேலைதான் தந்தார்: வகுப்புக்கு வெளியே நின்ற வேம்பில் ஓடித் திரியும் அணிலைக் கீற வேண்டும். என் கொப்பியைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது அணிலோ கீரியோ? முதுகிலை மூண்டு கோடும் எங்கை?" என்றார். பத்துக்கு மூன்று. இல்லாத கோட்டுக்கு ஒன்று வீதம் என்று கடைசி வாங்கு சிரித்தது.

கோவில் கோபுரத்தடிக்கும் எங்களைக் கூட்டிப் போவார். "மேலை இருக்கிறது சாத்திரம். மூலையளைப் பாருங்கோ, அங்கைதான் ஆசாரி தன்ரை மனம்போலை விளையாடியிருப்பான்" என்பார்.

ஜேர்மனியின் உல்ம் நகரில் குடியேறிப் பல வருடங்களின் பின்தான் பாட் சுசென்ரீட் பக்கம் உள்ள ஸ்ரைன்ஹவுசனுக்குப் போனேன். வயல் நடுவே சின்னக் கிராமம். உலகிலேயே அழகான கிராமக் கோவில் என்று இந்த ஊரவர் சொல்லிக்கொள்வது இராயப்பர் சின்னப்பர் பங்குக் கோவிலை. வெளியே நின்று பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உள்ளே போனால் கதை வேறு. நீள்வட்ட மண்டபம், பத்து வெள்ளைத் தூண்கள், தூண்களுக்கும் சுவருக்கும் இடையே சுற்றிவர நடைபாதை. இது வியாகுல மாதாவின் யாத்திரைத் தலமும் கூட; இறந்த மகனை மடியில் கிடத்திய மாதாவின் சொரூபம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கூட்டம் சுற்றி வருவதற்கு நீள்வட்டம் எவ்வளவு தோதானது என்பது, வீதி சுற்றிக் கும்பிட்டுப் பழகிய எங்கள் ஆட்களுக்கு விளங்கும்.

1728இல் தொடங்கி 1733இல் முடித்த வேலை. கட்டியவர் டொமினிக்குஸ் சிம்மர்மன். கூரை ஓவியம் அவருடைய அண்ணன் யோகான் பாப்டிஸ்ட் சிம்மர்மன். இருவரும் சுதை வேலைக்குப் பேர்போன வெசோபுறுன் பகுதியில் பிறந்தவர்கள். கட்டுவித்தவர் சுசென்ரீட் மடாதிபதி டிடாகுஸ் ஸ்ரோபெலே. அந்தக் காலத்துக் காசில் 9,000 கில்டருக்குள் முடியும் என்று போட்ட கணக்கு 40,000ஐத் தாண்டியது. 1733இலேயே மனிதர் பதவியையும் இழந்தார். வீடு கட்டிப் பார்த்தவர்கள் அவர்மேல் இரக்கப்படுவார்கள்.

அண்ணாந்து பார்த்தால் மாதா மோட்சத்துக்குப் போகிறார். ஓவியத்தின் விளிம்பில் நான்கு கண்டங்களின் மக்களும் நிற்கிறார்கள். ஆசியாவும் உண்டு, ஆனால் 18ஆம் நூற்றாண்டு ஜேர்மன்காரர் கற்பனையில் கண்ட ஆசியா. அதில் எங்கள் சாயலைத் தேடி ஏமாந்தேன். சுவர் எங்கே முடிகிறது, சுதை எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் சாயம் ஆகாயமாகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. சுண்ணாம்பும் ஜிப்சமும் மணலும் குழைத்த சாந்து இறுகுமுன் கையால் வளைத்த வேலை. ஆறுதலாக யோசித்துச் செய்ய நேரம் கிடைத்திருக்காது.

கழுத்து நோகத் தொடங்கியதும் பார்வையை யன்னல்களின் மேற்பக்கத்துக்கு இறக்கினேன். மாஸ்ரர் சொன்ன மூலைகள்! சுதையில் பூங்கொடிகள், அவற்றுக்கிடையே பறவைகள், பூச்சிகள். ஒரு யன்னலுக்கு மேலே அணில்.

அதன் முதுகைப் பார்த்தேன். இந்த நாட்டு அணிலுக்குக் கோடு கிடையாது என்பது முப்பது வருடமாக எனக்குத் தெரியும். என்றாலும் பார்த்தேன்.