அவர் கேட்டதுக்கு நான் சொன்ன நம்பர்

அந்த போட்டில நான் செய்த வேலையில பிழையில்ல. அதை முதல்லயே சொல்லிப்போடுறன், ஏனெண்டா கேள்விப்பட்ட ஆக்கள் ரெண்டு மூண்டு விதமாக் கதைக்கினம். இன்ஜின் இப்ப நல்லா ஓடுது, திமிங்கிலம் பாக்க ஆக்களை ஏத்திக்கொண்டு ஒழுங்காப் போய் வருது. எனக்குள்ள கிடந்து அரிக்கிறது வேற. முதலாளி ஒரு கேள்வி கேட்டார், நான் ஒரு நம்பரைச் சொன்னன், அதோட வயசுபோன ஒரு மனுசனுக்கு அந்த போட்டில வேலை இல்லாமப் போச்சு. நான் சொன்னது பொய்யெண்டா போய் மன்னிப்புக் கேட்டு முடிச்சிருப்பன். பொய்யில்ல எண்டுதான் இப்பவும் நினைக்கிறன், அதாலதான் முடியுதில்ல.

இன்ஜினைப் பற்றிச் சொல்லாட்டி விளங்காது. செவ்ரோலெட் 350 கட்டையில மரைனுக்கெண்டு செய்த வி-8, 5.7 லீற்றர், பெட்றோல். இஞ்ச சின்ன போட் எல்லாம் அவுட்போர்ட், பெரிய மல்டிடே போட்டெண்டா டீசல், இப்பிடியொரு பெட்றோல் இன்போர்ட்டை வச்சிருக்கிறது ஆனைக்குத் தீனி போடுற மாதிரித்தான், ஆனா முதலாளி வேகத்துக்கு ஆசைப்பட்டு துபாய்ப் பக்கத்தால பழசா எடுத்திட்டார், எடுத்த நாளில இருந்து அதைப் பாத்தது ஒரு ஐயா. பெயர் வேண்டாம், திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் திரியிற ஆக்களுக்கு ஆரெண்டு தெரியும்.

ஐயாவிட்ட டைமிங் லைட் இல்ல, ஸ்பார்க் எந்த நேரத்தில அடிக்குது எண்டு, அதாவது டைமிங்கை, மின்னிக் காட்டுற லைட் அது. ஐட்லில விட்டிட்டு கண்ணை மூடிக்கொண்டு கேப்பார், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரை இந்தப் பக்கம் ஒரு பொட்டு, அந்தப் பக்கம் ஒரு பொட்டு திருப்புவார், ஆர்பிஎம் ஏறி நிக்கிற இடத்தைப் பிடிச்சு அதில இருந்து கொஞ்சம் பின்னுக்கு எடுத்து கிளாம்ப் போல்ட்டை இறுக்குவார். பிறகு சின்ன உளி ஒண்டால டிஸ்ட்ரிபியூட்டர் அடியில இருந்து இன்டேக் மெனிபோல்ட் வரைக்கும் சேத்து ஒரு கோடு போடுவார். ஆராவது கழட்டினாலும் அந்தக் கோட்டைக் கோட்டோட சேத்தா அவர் வச்ச இடம் வந்திடும்.

முதலாளிட மருமகன் பொடியன் கொழும்பில ஓட்டோமொபைல் படிச்சவன், கெட்டிக்காரன், அவனை நான் குறை சொல்ல வரேல்ல. ஒன்லைனில டைமிங் லைட் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து அடிச்சுப் பாத்திருக்கிறான். மேனுவல்ல ஐட்ல் டைமிங் டொப்புக்கு, எண்டா பிஸ்டன் ஆக மேல வாற இடத்துக்கு, முதல் 8 டிகிரி எண்டு கிடக்கு, கிராங்க் முன் நுனியில சுத்துற பேலன்சர் சில்லில உள்ள மார்க் 22ல நிண்டிருக்கு. 14 டிகிரி கூட எண்டா ஆருக்கும் பயம் வரும்தானே, பிஸ்டன் ஓட்டையாகிற கதை. அவன் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி மார்க்கை 8க்குக் கொண்டுவந்திட்டான். அதுக்குப் பிறகு போட் பிளேன் ஏறுதில்ல, எண்டா தண்ணிக்கு மேலால எழும்பி வழுக்கி ஓடுதில்ல. முழுத் துரொட்டில் குடுத்தாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணியை உழுதுகொண்டு கிடக்கு, ஹீட் ஏறுது, எக்ஸோஸ்ட்டுக்குள்ள பட் பட் எண்டு வெடிக்குது, ரைசரில பெயின்ட் கருகிற மணம். காபரேட்டர் கழுவி, ரோ வோட்டர் பம்ப் இம்பெல்லர் மாத்தி, எல்லாம் பாத்து முடிஞ்சு கடைசியாத்தான் எனக்குக் கோல் வந்தது.

அறிகுறியைக் கேட்டவுடனே டைமிங் பின்னுக்கு நிக்குது எண்டு எனக்கு விளங்கிட்டுது. ஆனா லைட் 8 காட்டுது. நானும் என்ட லைட்டால அடிச்சன், 8தான். அப்ப லைட் பொய் சொல்லேல்ல, மார்க்தான் பொய் சொல்லுது. இந்தக் கட்டையில அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, ஆரோ பேலன்சரை மாத்திப் போட்டிருக்கலாம், 1969க்கு முதல் வந்ததில கோடு ஒரு இடம், பிறகு வந்ததில வேற இடம், ரெண்டுக்கும் 8 டிகிரி வித்தியாசம், டைமிங் டாப் (டிகிரி எழுதின தகடு) ஒரு காலத்துச் சாமான் பேலன்சர் இன்னொரு காலத்துச் சாமான் எண்டா ஜென்மத்துக்கும் சரிவராது. மற்றது, பேலன்சர் ரிங் வழுக்கினது. நடுவில ஹப், அதைச் சுத்தி ரப்பர், அதுக்கு வெளியால கனமான ரிங், டைமிங் கோடு இருக்கிறது அந்த வெளி ரிங்கில. ரப்பர் பழசாகி விட்டுக்குடுத்தா ஹப் ஒரு பக்கம் போகும், ரிங் பிந்தி நிக்கும். போட் இன்ஜினுக்கு உப்புக் காத்தும் பில்ஜ் (போட் அடிவயிறு) சூடும் வேற. டோர்ச் அடிச்சுப் பாத்தன், ரப்பர் ஒரு பக்கம் வெளிய பிதுங்கி, வெயிலில கிடந்த செருப்பு அடி வெடிக்கிற மாதிரி வெடிச்சு நிண்டுது.

இதுக்குப் பிறகு கண்ணால பாத்துச் சொல்லுறதில வேலையில்ல. பற்றரி வயரைக் கழட்டி, எட்டு பிளக்கையும் எடுத்து, பழைய பிளக் ஒண்டின்ட நடுவைத் தட்டிப்போட்டு போல்ட் இறக்கிச் செய்து வச்ச பிஸ்டன் ஸ்டொப்பை ஒண்டாம் சிலிண்டருக்குள்ள பூட்டினன். கிராங்கை சொக்கெட்டால மெல்ல மெல்ல சுத்தி பிஸ்டன் முட்டின இடத்தில ஒரு கோடு, மற்றப் பக்கம் சுத்தி முட்டின இடத்தில ஒரு கோடு, ரெண்டுக்கும் சரி நடு டொப். தையல்காரற்ற டேப்பாலதான் அளக்கிறனான். எட்டு இஞ்சி பேலன்சர், சுத்தளவு 638 மில்லிமீற்றர், ஒரு டிகிரிக்கு ஒண்டேமுக்கால் மில்லிமீற்றர் வரும். பழைய கோடு உண்மையான டொப்பில இருந்து 21 மில்லிமீற்றர் தள்ளி நிண்டுது, அதாவது 12 டிகிரி. லைட் 8 எண்டு காட்டேக்க உள்ளுக்க ஸ்பார்க் அடிச்சது டொப் தாண்டி 4 டிகிரியில. பிறகு எப்பிடி இழுக்கும்?

புதுக் கோட்டை வெள்ளையால வச்சன். நான் அளக்கிற நேரத்தில ரிங் திரும்ப வழுக்கிடக்கூடாது எண்டு ஹப்பில இருந்து ரப்பருக்கு மேலால ரிங் வரைக்கும் நெயில் பொலிஷால குறுக்கா ஒரு கோடும் இழுத்தன். புளோவரை நாலு நிமிஷம் ஓட விட்டு பில்ஜுக்குள்ள பெட்றோல் மணம் இல்லையெண்டு பாத்து, ஸ்டார்ட் பண்ணி, டைமிங்கை 8க்கு வச்சன். கதை அதிலயே முடிஞ்சிருக்க வேணும். எனக்கு அந்த உளிக் கோட்டைக் கண்டோண்ண ஒரு ஆசை, ஐயா வச்ச இடத்தில என்ன காட்டும் எண்டு. ஆரும் சொல்லேல்ல, நானாத்தான் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அவர்ட கோட்டைக் கோட்டோட சேத்து லைட் அடிச்சன். 10.

காதால வச்ச மனுசன்! மார்க் 22 காட்டினாலும் உண்மையில 10ல வச்சிருந்திருக்கிறார், மார்க்கை அவர் பாக்கவே இல்ல. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது. அந்த நேரம்தான் ஜெட்டியில நிண்ட முதலாளி குனிஞ்சு கேட்டார்.

"தம்பி, அப்ப பெரியவர் வச்சது சரியோ, பிழையோ?"

"ரெண்டு டிகிரி கூட" எண்டன்.

சந்தோசத்திலதான் சொன்னனான். வெறும் ரெண்டு டிகிரிதான் கூட, நம்புவீங்களோ, எண்ட மாதிரி. ஆனா நான் சொன்னதில "வெறும்" இல்ல, "தான்" இல்ல, முகத்தில இருந்த சிரிப்பு இன்ஜின் பெட்டிக்குள்ள இருந்தபடியா அவருக்குத் தெரிஞ்சிராது. பொடியன் பக்கத்தில நிண்டவன், "பாத்தீங்களோ மாமா, நான் அண்டைக்கே சொன்னனான் கூட எண்டு." முதலாளி "ம்" எண்டார். அவ்வளவுதான். பிறகு பேலன்சர் எங்க எடுக்கலாம், என்ன விலை வரும் எண்டு கதை மாறிட்டுது, நானும் மாறிட்டன். வாற வழியில கேள்விப்பட்டன், இனி அந்த போட்டை ஐயா தொடுறேல்லயாம்.

பொடியன் வச்சது 12 டிகிரி பிழை. அதை நான் சொல்லேல்ல. கேக்கேல்ல, சொல்லேல்ல. அதோட அவனும் லைட் காட்டினதை நம்பினவன், மேனுவல் சொன்னதைச் செய்தவன், அவனைப் போட்டு என்ன செய்யிறது, ரப்பர் செய்த வேலைக்கு. இப்பிடித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளுறது. ஆனா ரப்பருக்காக அவனை விடலாமெண்டா ஐயாவை என்னத்துக்கு விடேல்ல எண்டும் வரும். அவனுக்கு மேனுவல் இருந்தது, ஐயாவுக்கு ஒண்டும் இல்ல, ஒண்டும் இல்லாதவன் ரெண்டில நிண்டான், எல்லாம் இருந்தவன் பன்னிரண்டில நிண்டான், இந்த ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு ஒரு வசனம் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போயிருக்காது. முதலாளிட அக்கா மகனுக்கு முன்னால சொல்லத் துணிவில்லாமலோ எண்டு யோசிச்சுப் பாத்தன். இல்ல, அது மனசில வரவேயில்ல. வராமப் போனதுதான் கூடக் கரைச்சல்.

அதுக்காக ரெண்டு டிகிரி ஒண்டுமில்ல எண்டும் நான் சொல்ல மாட்டன். காதால வச்சா எப்பவும் முன்னுக்குத்தான் போகும், ஏனெண்டா ஐட்லில அட்வான்ஸ், அதாவது ஸ்பார்க் முன்னுக்கு அடிக்கிறது, கூடக் கூட இன்ஜின் சந்தோசமா ஓடும், காதுக்கு அது நல்லாயிருக்கும். கார் எண்டா காலை எடுத்தா இறங்கி ஓடும், போட்டுக்கு இறக்கமே இல்ல, துரொட்டில் திறந்து வச்ச நேரம் முழுக்க ஏத்தம் ஏறிக்கொண்டிருக்கிற மாதிரித்தான் லோட். நொக்கிங், சிலிண்டருக்குள்ள பெட்றோல் தாறுமாறா வெடிக்கிற சத்தம், வந்தாலும் எக்ஸோஸ்ட் சத்தத்துக்கையும் தண்ணிச் சத்தத்துக்கையும் கேக்காது, கேக்கேக்க பிஸ்டன் போயிருக்கும். ஊத்துறது 92 ஒக்டேன். ஆக, 8 எண்டு எழுதியிருந்தா 8லதான் வைக்கவேணும், கேட்டா கூட எண்டுதான் சொல்லவேணும். ஒரு மெக்கானிக் கேட்டவனுக்கு நம்பரை மறைச்சா பிறகு அவனை நம்பிக் கடலுக்குப் போறது எப்பிடி?

இது வரைக்கும் எனக்கு நான் நல்ல லோயர். இதுக்குப் பிறகுதான் கேஸ் பிழைக்குது.

அந்த 10, நிண்ட 10 இல்ல. மார்க் 9க்கும் 11க்கும் நடுவில ஆடிக்கொண்டு நிண்டுது, டைமிங் செயினும் டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் தேஞ்ச இன்ஜினில அப்பிடித்தான், நான் நடுவை எடுத்தன். டிஸ்ட்ரிபியூட்டரில 1 டிகிரி திருப்பினா கிராங்கில 2, அதை டிஸ்ட்ரிபியூட்டர் அடியில அளந்தா அரை மில்லிமீற்றர் வருமோ தெரியாது, ஐயாட உளிக் கோட்டின்ட மொத்தமே அந்தளவு. கோட்டின்ட இந்தக் கரையைச் சேத்தா 10, அந்தக் கரையைச் சேத்தா 8. நான் எந்தக் கரையைச் சேத்தன் எண்டு என்னட்டக் கேட்டா ஞாபகமில்ல. அதோட மோட்டரை நிப்பாட்டி, எல்லாரும் போன பிறகு டோர்ச் அடிச்சுப் பாத்தா, நெயில் பொலிஷ் கோடு ரப்பருக்கு மேல முடியளவு வெடிச்சிருந்தது. ரிங் இன்னும் பிந்தினா லைட் உள்ளதைவிடக் கூடத்தான் காட்டும். முடியளவு வெடிப்புக்கு ரெண்டு டிகிரி வராது, அதுக்கு மூண்டரை மில்லிமீற்றர் வேணும். ஆனா சுத்தேக்க எவ்வளவு போய் நிப்பாட்டேக்க எவ்வளவு திரும்பி வந்ததெண்டு ஆர் கண்டது? நெயில் பொலிஷ் காஞ்சா சும்மாவும் வெடிக்கும்.

முதலாளிக்கு இதையெல்லாம் போய்ச் சொல்லலாமோ எண்டு யோசிச்சன். "அண்ணை, ரெண்டு டிகிரி எண்டு சொன்னன், அது ரெண்டாவும் இருக்கலாம் ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம்" எண்டு போய் நிண்டா அடுத்தது எனக்குத்தான் வேலை இல்லாமப் போகும். பகிடிக்குச் சொல்லேல்ல.

ஐயாவைக் காணாமலே கொஞ்ச நாள் திரிஞ்சன். பிறகு டொக்யார்ட் றோட்டில தேத்தண்ணிக் கடையில மாட்டிட்டன். கோபமாக் கதைப்பார் எண்டு பாத்தா, பேலன்சர் வழுக்கின கதையைத்தான் ஆசையாக் கேட்டார். பிஸ்டன் ஸ்டொப் எப்பிடிச் செய்தனி, போல்ட் எந்த சைஸ், அது இது. கடைசியா, "என்ட கோட்டில எத்தினை காட்டினது?"

"10 ஐயா."

கிளாஸை மேசையில வச்சார். "10 வராதே தம்பி. பெட்றோல் சரியில்ல எண்டு நான் எட்டுக்கும் குறைச்சலாத்தானே வச்சனான்."

எட்டுக்குக் குறைச்சல் எண்டு மனுசன் எதால அளந்தார்? லைட் இல்ல, மார்க் பாக்கிறேல்ல, டிகிரி எண்ட கதையே அவர்ட வாயில வந்து நான் கேட்டதில்ல. இப்ப பொடியன் எட்டு எட்டு எண்டு சொல்லிக் கேள்விப்பட்டுச் சொல்லுறாரோ, இல்லாட்டி உண்மையிலயே காதுக்குள்ள ஒரு அளவு வச்சிருக்கிறாரோ. கிளாம்ப் இளகி டிஸ்ட்ரிபியூட்டர் தானா அசைஞ்சிருந்தா உளிக் கோடு பிரிஞ்சிருக்கும், அது வேற கதை. அவரோட வாதாட எனக்கு ஒரு சாமானும் கையில இல்ல. "இருக்கலாம் ஐயா" எண்டன். தேத்தண்ணிக்கு அவர்தான் காசு குடுத்தார்.

கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில கேட்டுத் திரிஞ்சு கடைசியா வெளியால இருந்து எடுத்த புது பேலன்சர் இப்ப பூட்டியாச்சு, பிஸ்டன் ஸ்டொப் போட்டு டொப் பாத்தன், கோடு சரியா சைபரில. டைமிங் 8. கொட்டியாரக்குடாப் பக்கம் கொண்டுபோய் முழுசாத் திறந்து பாத்தம், மூக்கு இறங்கி பிளேன் ஏறிட்டுது. பொடியன்தான் ஓட்டினவன். அவனுக்கு பிஸ்டன் ஸ்டொப் ஒண்டு செய்து குடுத்திருக்கிறன், மார்க்கை நம்ப முதல் இதைப் போட்டுப் பார் எண்டு. ஐயாவைப் பற்றி ஏதும் சொல்லுவம் எண்டுதான் அண்டைக்கு போட்டில ஏறினனான், அந்தச் சத்தத்துக்கை கதைக்கேலாது, இறங்கினாப் பிறகு முதலாளி ஃபோனில நிண்டார்.