நோரேபாங் பயிற்சி: எட்டாவது வாரம், ஒரு முழுப் பாட்டு

வெள்ளிக்கிழமை இரவு, நோரேபாங் என்கிற கொரியக் கரோக்கே அறையில், திரையில் ஓடிய கொரிய எழுத்தை மட்டும் பார்த்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு பாட்டைப் பாடி முடித்துவிட்டேன். கையில் தாள் இல்லை, போனில் எழுதிவைத்த குறிப்பும் இல்லை. எட்டு வாரமாக இதற்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இடம் தென் கொரியாவின் தேஜோன் நகரில் குங்தோங், பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெருக்கள். ஆய்வகத்திலிருந்து ஐந்து பேர் கிளம்பினோம். இங்கே வெளியே போகிற இரவைச் சுற்றுக் கணக்கில் சொல்வார்கள். முதல் சுற்று சம்க்யொப்சால் (சுட்ட பன்றி வயிற்றிறைச்சி) கடை, இரண்டாவது நோரேபாங். நோரே என்றால் பாட்டு, பாங் என்றால் அறை. 1991இல் பூசானில் தொடங்கிய வழக்கம் இன்று நாடு முழுக்க இருக்கிறது. சட்டப்படி நோரேபாங்கில் மது விற்கக் கூடாது, அதனால் குடிக்கிறவர்கள் முதல் சுற்றிலேயே முடித்துக்கொண்டு வருவார்கள். முன்பின் தெரியாதவர்கள் எதிரே மேடை ஏற வேண்டியதில்லை. கதவைச் சாத்தினால் நாம் ஐந்து பேர்தான். கூச்சம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

முதல் மூன்று வாரம் நாணய நோரேபாங்கில் தனியாகவே பழகினேன். ஒருவர் உட்காரும் அளவு அறை, நான் போகும் கடையில் 1,000 வோனுக்கு மூன்று பாட்டு. வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு போனதுதான் தப்பு. ஆங்கிலத்தில் ‘இ’, ‘யு’ என்று இரண்டு எழுத்தைச் சேர்த்துப் போட்டிருப்பதை நான் ‘யூ’ என்று இழுப்பேன். உண்மையில் அது நம் ‘பாட்டு’, ‘காசு’ என்ற சொற்களின் கடைசியில் உதடு குவியாமல் வருகிற அதே குற்றியலுகரம். கொரியர்கள் மைக்கை ‘மைக்கு’ என்கிறார்கள், பஸ்ஸை ‘பொசு’ என்கிறார்கள். நாம் பஸ்ஸு என்பதுபோல அந்த உகரத்தைக் கூட்டித்தான் சொல்லை முடிக்கிறார்கள். இது புரிந்த அன்றைக்குத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த முட்டுக்கட்டை பட்சிம். 1446இல் செஜோங் மன்னர் வெளியிட்ட இந்த எழுத்தில் மெய்யும் உயிரும் ஒரே கட்டத்துக்குள் சேர்ந்து உட்காரும், நம் உயிர்மெய் மாதிரி. அசை மெய்யில் முடிந்தால் அந்த மெய்யைக் கட்டத்தின் அடியில் வைப்பார்கள். அதுதான் பட்சிம், தாங்குகட்டை என்று பொருள். கட்டம் கட்டமாகப் படித்தால் எழுத்தெல்லாம் சரியாகவே வரும், ஆனால் பாட்டு நம்மை விட்டுவிட்டு முன்னே ஓடிவிடும். ஐந்தாம் வாரம் வரை எனக்கு அதுதான் நடந்தது.

இசை என்பதற்கான சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘உம்’ ஒரு கட்டம், ‘அக்’ ஒரு கட்டம், பின்னால் ‘இ’ என்ற எழுவாய் உருபு. நான் உம், அக், இ என்று மூன்று முறை நின்று நின்று பாடிக்கொண்டிருந்தேன். பாடகர்கள் பாடுவது ‘உமகி’. அடியிலிருக்கும் மெய், அடுத்த கட்டத்தின் உயிரோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்று பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட நன்னூல் வரி, தேஜோனில் ஒரு பாட்டறையில் உயிரோடு வந்து நின்றது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. சொல்லின் முதலில் கெட்டியாக ஒலிக்கும் அவர்கள் ககரம், இரண்டு உயிருக்கு நடுவே வரும்போது மெத்தென்று ஆகிவிடும். ‘கல்’லில் ஒரு க, ‘பகல்’லில் ஒரு க என்று நாம் யோசிக்காமலே செய்வதுதானே! அதன்பிறகு ஒவ்வொரு பாட்டையும் புணர்ச்சி விதி போட்டே படித்தேன். வேகம் தானாக வந்தது.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். முதலில் பாடியது எங்கள் குழுவில் மூத்தவர். அக்கா என்று நாம் கூப்பிடுவதுபோல இங்கே ஒரு பெண் தன்னைவிட மூத்த பெண்ணை ‘ஒன்னி’ என்பாள். ஒன்னி எடுத்தது ஒரு பழைய டிராட் பாட்டு, கொரியாவின் பழைய பாணி மெல்லிசை. அதில் ‘கொக்கி’ என்று ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்வரத்தை நேராக நிறுத்தாமல் சட்டென்று ஒடித்து வளைப்பது. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகவே படவில்லை. மற்ற மூவரும் டாம்பரின் தட்ட, நான் தட்டவே மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தது. நான் எடுத்தது மெதுவான காதல் பாட்டு. ரிமோட்டில் சுருதியை இரண்டு படி இறக்கினேன். முதல் சரணம் சுத்தமாக வந்தது. இரண்டாவதில் ஓர் இடத்தில் ‘க்’கை அடுத்து ‘ம’ வந்தபோது தடுக்கியது. கொரிய மொழியைக் குறிக்கும் சொல்லை ஹன்குக்மல் என்று எழுதினாலும் ஹன்குங்மல் என்றுதான் சொல்ல வேண்டும், ‘க்’ மூக்கொலியாக மாறிவிடும். விதி தெரியும், நாக்குக்கு இன்னும் பழகவில்லை. ஒரு வார்த்தை போனது, அடுத்த வரியைப் பிடித்துவிட்டேன். முன்பெல்லாம் ஒரு வார்த்தை போனால் அந்தச் சரணமே போய்விடும். இடையிசை வந்ததும் ஒன்னி காதருகே குனிந்து, “கட்டத்தைப் பார்க்காதே, வார்த்தை முடிகிற இடத்தில் மூச்சு விடு” என்றார். கடைசிச் சரணத்தில் அதைச் செய்தேன். முடிவில் இயந்திரம் 87 காட்டியது. எனக்கு எண் முக்கியமில்லை, கடைசி வரியில் நால்வரும் சேர்ந்து பாடினார்களே, அதில் என் குரல் பிந்தவில்லை.

நேரம் முடியப்போகும்போது கடைக்காரர் ‘சர்வீஸ்’ என்று இருபது நிமிடம் சும்மா கூட்டிக் கொடுத்தார். அதே பாட்டை மறுபடி போட்டேன். தடுக்கிய இடம் இந்த முறை மூக்கிலேயே வந்தது.

பழகுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: டிஜே, கும்யொங் என்ற இரண்டு இயந்திரங்களிலும் ஒரே பாட்டுக்கு வேறு வேறு எண். என் நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். வெளியே வரும்போது ஒன்னி அந்த நோட்டை வாங்கி, தன் டிராட் பாட்டின் எண்ணை இரண்டு பத்தியிலும் எழுதிக் கொடுத்தார். ஒன்பதாவது வாரம் அதிலிருந்துதான்.