டயர் வாங்கப் போகிறவர்கள் தேதியைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

2025 செப்டம்பர் கடைசியில் காருக்கு நாலு டயர் மாற்றினேன். முதலில் போன கடையில் பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்தவராவது உஷாராக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய டயரின் பட்டன் (ரோட்டில் படும் மேல்ரப்பர்) தேய்ந்து, தேய்மானம் காட்டுவதற்காகவே பள்ளத்துக்குள் வைத்திருக்கும் சின்ன மேட்டைத் தொட்டுவிட்டது. மேட்டின் உயரம் 1.6 மி.மீ. அதுதான் கடைசி எல்லை. வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரிப் பக்கம் அந்த டயரோடு ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. மழைக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன்.

என் ஓட்டம் வாரம் முழுக்கச் சென்னை நெரிசல், அவ்வப்போது குடும்பத்தோடு திருநெல்வேலி. வெயிலில் நாலுவழிச் சாலையில் மணிக்கணக்காக ஓடும் டயர் சூட்டைத் தாங்க வேண்டும், ஈரத்தில் பிடிக்க வேண்டும். அதனால் ‘நிறைய கிலோமீட்டர் வரும்’ என்று விற்கும் கெட்டி ரப்பரை விட்டுவிட்டு, ஈரப்பிடிப்பு நன்றாக உள்ள மாடலைத் தேர்ந்தெடுத்தேன். அளவு கம்பெனி கொடுத்ததேதான்: 185/65 ஆர் 15, 88 ஹெச்.

போனில் ‘ஸ்டாக் இருக்கு, வாங்க’ என்றார்கள். போனால் ஹெச் இல்லை, டி போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் கடைக்காரர். “நாம என்ன சார் 200-லயா போகப்போறோம்?” அளவின் கடைசியில் வரும் அந்த எழுத்து டயர் தாங்கும் உச்ச வேகம்: ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ., டி என்றால் 190 கி.மீ. என்பது சரிதான். ஆனால் அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதில்லை, வேகத்தில் ஏறும் சூட்டை டயர் எவ்வளவு தாங்கும் என்பதையும் சொல்கிறது. முடியாது என்றதும் குடோனிலிருந்து ஹெச் வந்தது.

கடைப் பையன் வேகவேகமாக ஒன்றை ரிம்மில் ஏற்றிவிட்டான். வெளிப்பக்கம் தேடினேன், தேதி இல்லை. பல டயர்களில் தயாரித்த தேதி ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உள்பக்கம் போய்விட்டால் கண்ணில் படாது. கழற்றித் திருப்பச் சொன்னேன். முட்டை வடிவக் கட்டத்துக்குள் 0822. அதாவது 2022-ன் எட்டாவது வாரம். மூன்று வருஷத்துக்கு மேல் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த சரக்கு! “ஓடாத டயர் எப்படி சார் பழசாகும்?” என்கிறார். ஆகும். சென்னை வெயிலில் சும்மா கிடந்தாலே ரப்பர் இறுகும்.

பில்லிலும் வம்பு. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. “பழைய ஸ்டாக், பழைய ரேட்” என்றார். விற்கிற அன்றைக்கு என்ன வரியோ அதுதான் பில்லில் வர வேண்டும். அவர் டயரைக் கழற்றச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது போனதுதான்.

அடுத்த கடையில் நாலும் 2025 தயாரிப்பு, புது வரி, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அங்கேயும் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பக்கச்சுவரில் ‘அவுட்சைட்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம்தான் வெளியே வர வேண்டும். வால்வும் புதுசாகப் போடச் சொல்லுங்கள், அதற்கு ஆகும் செலவு சொற்பம். என் பழைய டயர்கள் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தன, அது அலைன்மென்ட் கோளாறு, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும். முன்னும் பின்னும் எடுத்த அலைன்மென்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

காற்று விஷயத்தில் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வதுதான் கணக்கு. டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். வெயில் காலம் என்று குறைத்துவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் மடங்கும், சூடு இன்னும் ஏறும், ஹைவேயில் வெடிப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

இரண்டுதான் மாற்ற முடியும் என்றால் புதுசைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் ஓட்டும் வண்டி என்று கடைக்காரர் முன்னால் போடப் பார்ப்பார். ஆனால் மழையில் பின்பக்கம் சறுக்கினால் நம்மால் பிடித்து நிறுத்த முடியாது.

நாலு டயரின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறிய பிறகு பணம் கொடுங்கள். பிறகு வாரண்டி கேட்டுப் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.